சிக்னல் இருக்கு... நெட் வரலையே!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மணி பதினொன்று. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொத்து பரோட்டா சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. மலைக்கோட்டை இருட்டில் படுத்துக் கிடக்கிறது. ஹாஸ்டல் ரூமில் நீங்கள் மட்டும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் ஏ.டி.எம். கார்டு சைஸில் ஒரு பச்சை போர்டு. பெயர், ராஸ்பெரி பை. காலையில் பத்து மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ.

ஐடியா என்னவோ சூப்பர் ஐடியாதான். அந்தக் குட்டி கம்ப்யூட்டருக்குள் தமிழ் விக்கிபீடியா, பள்ளிப் பாடப் புத்தகங்கள், நாலு வீடியோ பாடம். அதையே ஒரு வை-ஃபை ஹாட்ஸ்பாட்டாக மாற்றிவிட்டால் போதும். சிறுமலை மேலேயோ, நத்தம் பக்கத்துக் கிராமத்திலேயோ டவர் எடுக்காத பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தால், பசங்க போனில் கனெக்ட் பண்ணிப் படிக்கலாம். இன்டர்நெட்டே வேண்டாம்!

போன வாரம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. இன்றைக்கு? போனில் ஹாட்ஸ்பாட் பெயர் வருகிறது. தொட்டால் 'ஐ.பி. அட்ரஸ் பெறப்படுகிறது...' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுகிறது... சுற்றுகிறது... கடைசியில் கை விரித்துவிடுகிறது.

ரூம் மேட் போர்வைக்குள்ளிருந்து ஒரு யோசனை சொல்கிறான். "மாப்ளே, ஃபார்மட் பண்ணி மறுபடி முதல்ல இருந்து போட்ருடா!"

செய்யாதீங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க! ஃபார்மட் பண்ணினால் தவறோடு சேர்ந்து தடயமும் அழிந்துவிடும். அதே பழுது அடுத்த வாரம் வந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். ஏன் சொல்கிறோம் என்பதற்கு நம்ம பக்கத்து ஊரிலேயே ஒரு நிஜக் கதை இருக்கிறது.

தேனியில் நடந்தது!

திண்டுக்கல்லில் பஸ் ஏறி வத்தலக்குண்டு, பெரியகுளம் தாண்டினால் தேனி. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அங்கே ஒரு கிளை உண்டு. 2000-களின் நடுவில், அதைச் சுற்றியுள்ள ஊர்களில் 'விஷன் சென்டர்' என்ற சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்களை அரவிந்த் திறந்தது. மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் தேனியில் உட்கார்ந்தபடி வீடியோவில் நோயாளியைப் பார்த்துப் பேசுவார்.

வீடியோ போக வேண்டுமே... கேபிள்? அந்தக் காலத்தில் கிராமத்துக்கு நல்ல பிராட்பேண்ட் கிடைப்பது குதிரைக் கொம்பு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புருவர் தலைமையிலான ஆராய்ச்சிக் குழு கைகொடுத்தது. அவர்கள் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? நீங்கள் இப்போது முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதே ஜாதிதான். ஒற்றை போர்டு கம்ப்யூட்டர், அதில் ஒரு வை-ஃபை கார்டு, டவர் மேலே ஒரு டைரக்‌ஷனல் ஆன்டெனா. அவ்வளவுதான்.

சாதாரண வை-ஃபை வீட்டு ஹாலைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். ஒவ்வொரு பாக்கெட்டை அனுப்பியதும், 'கிடைச்சுருச்சு' என்ற பதிலுக்கு அது மிகக் குறைந்த நேரம்தான் காத்திருக்கும். தூரம் கிலோமீட்டர் கணக்கில் போனால், பதில் வருவதற்குள் 'போய்ச் சேரலை போல' என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒரே குழப்படி! பெர்க்லி குழு அந்தக் கெடுபிடியை எடுத்துவிட்டு, 'இவ்வளவு நேரம் நீ பேசு, இவ்வளவு நேரம் நான் பேசுறேன்' என்று இரண்டு முனைகளுக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தது. 2007-ல் வெனிசுலாவில் எர்மானோ பியட்ரோசெமோலி 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வை-ஃபை இணைப்புப் போட்டுக் காட்டினார். அந்தச் சோதனையிலும் இந்தக் குழுவின் மென்பொருள் பங்கெடுத்தது.

சரி, ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது. கதை முடிந்ததா? இல்லை. அங்கேதான் ஆரம்பித்தது!

2008-ல் சோனேஷ் சுரானா, ராபின் பத்ரா உள்ளிட்ட அந்தக் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிராமத்து வயர்லெஸ் நெட்வொர்க்கைத் தொடங்குவது பெரிய விஷயமில்லை, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய விஷயம் என்பதுதான் அதன் சாரம். பழுதுகளின் முதல் காரணமாக அவர்கள் காட்டியது சாஃப்ட்வேரை அல்ல, கரண்ட்டை! ஏறி இறங்கும் வோல்டேஜில் போர்டுகள் கருகின, மெமரி கார்டுகள் கெட்டுப்போயின. இரண்டாவது காரணம், எங்கே பழுது என்று கண்டுபிடிக்க உள்ளூரில் ஆள் இல்லை. வெளியூரிலிருந்து எட்டிப் பார்க்கலாம் என்றால், பழுதானதே அந்த லைன்தானே!

அப்போது அந்த அரவிந்த் நெட்வொர்க் மாதம் 3,000 கிராமத்து நோயாளிகளுக்கு வீடியோ ஆலோசனை தந்துகொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு போர்டு மக்கர் பண்ணினால், கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டி, ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். உங்களுக்குப் போவது ஒரு ரிவ்யூ. அவருக்குப் போவது ஒரு நாள். சமயத்தில் பார்வையே!

அதனால், பழுது பார்ப்பதும் ஒரு படிப்பு பாஸ். சிலபஸில் இருக்காது. நாம படிச்சுடுவோம், வாங்க.

பூட்டு ஊர்க்காரன் புத்தி

நம்ம ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே? ஒரு நல்ல பூட்டுக்கார அண்ணனிடம் திறக்காத பூட்டைக் கொடுத்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தூக்க மாட்டார். சாவி சரியா, துவாரத்தில் தூசியா, உள்ளே லீவர் நகருகிறதா என்று வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாகப் போவார். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் மாற்றிப் பார்ப்பார்.

ஹாட்ஸ்பாட்டுக்கும் அதே வரிசை உண்டு. கரண்ட், ரேடியோ, சாவி, ரூம் நம்பர், பாதை, கடிகாரம். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. கரண்ட் சரியா?

"லைட் எரியுதே, அப்புறம் என்ன?" என்பீர்கள். லைட் எரிவது வேறு, போதிய கரண்ட் வருவது வேறு. செல்போன் சார்ஜரைச் செருகி பையை ஓட்டுவதுதான் நம்ம பசங்க செய்யும் முதல் தப்பு. பை 3-க்கு 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பை 4-க்கு 3 ஆம்பியர். பை 5-க்கு முழு பலம் வேண்டுமானால் 5 ஆம்பியர். மெலிசான யு.எஸ்.பி. கேபிளாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் கொஞ்சம் காணாமல் போகும்.

மானிட்டர் மாட்டியிருந்தால் திரையின் ஓரத்தில் மஞ்சள் மின்னல் சின்னம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மானிட்டர் இல்லையா? டெர்மினலில் 'வி.சி.ஜென்.சி.எம்.டி. கெட் த்ராட்டில்டு' என்ற கட்டளையை அடியுங்கள். பதில் பூஜ்யம் என்றால் நிம்மதி. வேறு எண் வந்தால், இப்போதோ, ஆன் செய்த பிறகு எப்போதோ ஏதோ ஒரு கோளாறு நடந்திருக்கிறது. பெரும்பாலும் அது கரண்ட் கோளாறுதான்.

வை-ஃபை வேலை செய்யும்போது பை கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்த நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கினால் ஹாட்ஸ்பாட் திடீரென்று மறையும், திடீரென்று வரும். பேய் வேலை மாதிரி இருக்கும். பேய் இல்லை மாப்ளே, சார்ஜர்!

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் பையின் வயரைப் பிடுங்கி ஆஃப் செய்யாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும். பள்ளிக்கூடத்தில் வைக்கப்போகும் பெட்டி என்றால், 'ராஸ்பி-கான்ஃபிக்' மெனுவில் 'ஓவர்லே ஃபைல் சிஸ்டம்' என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால் கார்டில் எதுவும் புதிதாக எழுதப்படாது. யார் எப்போது ஸ்விட்சை அணைத்தாலும் கார்டு தப்பிக்கும். எல்லா மாற்றமும் முடித்த பிறகு கடைசியாகத்தான் இதை ஆன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு செய்யும் மாற்றங்கள் ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும்!

2. ரேடியோ பேசுதா?

ஹாட்ஸ்பாட் பெயரே போனில் வரவில்லையா? முதல் சந்தேகம் நாட்டின் மேல்!

ஒவ்வொரு நாட்டிலும் எந்த அலைவரிசையை, எவ்வளவு பலத்தில் பயன்படுத்தலாம் என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் திறந்துவிட்டார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமான அனுமதி 2018-ல்தான் வந்தது. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லும்வரை பை தன் வை-ஃபையைப் பூட்டியே வைத்திருக்கும். ராஸ்பி-கான்ஃபிக்கில் 'லோக்கலைசேஷன்' பகுதிக்குப் போய் வை-ஃபை நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். 'ஆர்.எஃப்.கில் லிஸ்ட்' என்று அடித்தால் ரேடியோ பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும்.

நாடு சரி, இன்னும் வரவில்லையா? நீங்கள் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கலாம். பழைய போன்கள் பலவற்றுக்கு அந்தப் பட்டை கண்ணுக்கே தெரியாது. பை 3-ன் முதல் மாடலுக்கும், பை ஜீரோ டபிள்யூவுக்கும்கூட 2.4 மட்டும்தான். கிராமத்துப் பள்ளிக்கு 2.4-தான் சரி. மெதுவாகப் போனாலும் சுவர் தாண்டிப் போகும். சேனல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றைப் போடுங்கள். இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

அப்புறம் இந்த டப்பா விஷயம். போர்டு பத்திரமாக இருக்கட்டும் என்று எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடும் நல்லவர்கள் நம்மில் உண்டு. பையின் ஆன்டெனா அந்த போர்டிலேயேதான் இருக்கிறது. உலோகப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னலைச் சிறையில் போட்ட மாதிரி! பிளாஸ்டிக் டப்பா போதும், காற்று போக ஓட்டை போட்டு.

பை 4-ல் நீல நிற யு.எஸ்.பி. 3 துவாரத்தில் ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறீர்களா? யு.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் போய் விழும். 2012-லேயே இன்டெல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை ஒரு நீள கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது கறுப்பு நிற யு.எஸ்.பி. 2 துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

3. யார் சொன்ன பாடம்?

நண்பர்களே, ரொம்ப முக்கியமான இடம் இது. ராத்திரி பதினொரு மணிப் பிரச்னைகளில் ஏராளமானவை இங்கேதான் பிறக்கின்றன.

பழைய நாளில் பையை ஹாட்ஸ்பாட் ஆக்க மூன்று பேர் வேண்டும். ரேடியோவை ஒலிபரப்ப 'ஹோஸ்ட்-ஏ.பி.டி.', வருகிறவர்களுக்கு அட்ரஸ் கொடுக்க 'டி.என்.எஸ்.-மாஸ்க்', பைக்கு நிலையான அட்ரஸ் வைக்க 'டி.ஹெச்.சி.பி.சி.டி.'. இந்த மூன்றையும் வைத்து எழுதப்பட்ட பாடங்கள்தான் எங்கே தேடினாலும் கிடைக்கும். சீனியர் கொடுத்த ரெக்கார்டு நோட்டிலும் அதேதான் இருக்கும்.

ஆனால் 2023 அக்டோபரில் வந்த 'புக்வார்ம்' பதிப்பிலிருந்து பை வீட்டுக்குப் புது நிர்வாகி வந்துவிட்டார். பெயர், நெட்வொர்க் மேனேஜர். ஹாட்ஸ்பாட் போடுவது, அட்ரஸ் கொடுப்பது, இன்டர்நெட்டைப் பகிர்வது, எல்லாம் அவர் ஒருவரே பார்த்துக்கொள்வார். இது தெரியாமல் பழைய பாடத்தைப் பார்த்து மற்றவர்களையும் கூட்டிவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒரு ஹாஸ்டலுக்கு ரெண்டு வார்டன்! இருவரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். தனியாகப் போட்ட டி.என்.எஸ்.-மாஸ்க் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தால், நெட்வொர்க் மேனேஜரின் ஹாட்ஸ்பாட் எழும்பவே முடியாமல் விழும். ஒருவேளை பெயர் மட்டும் வரும், அட்ரஸ் வராது. ஞாபகம் இருக்கிறதா, உங்கள் போனில் சுற்றிக்கொண்டே இருந்ததே... அதேதான்!

தீர்வு சுலபம். ஒரே ஒரு வார்டன் போதும். புதுப் பதிப்பு என்றால் தனியாகப் போட்ட ஹோஸ்ட்-ஏ.பி.டி.யையும் டி.என்.எஸ்.-மாஸ்க் சேவையையும் நிறுத்தி, தானாக ஓடாதபடி அணைத்துவிடுங்கள். பிறகு மெனு பாரில் உள்ள வை-ஃபை சின்னத்தைத் தட்டி 'ஹாட்ஸ்பாட் உருவாக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதைச் செய்யும் முன்பும் உங்கள் பதிப்பு எது, பாடம் எழுதிய வருஷம் எது என்று பாருங்கள். வருஷம் போடாத பாடத்தை நம்பாதீர்கள்.

4. சாவி பொருந்துதா?

பெயர் வருகிறது, பாஸ்வேர்டு போட்டால் ஏற்க மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு 8 எழுத்துக்குக் குறையக் கூடாது, 63-ஐத் தாண்டக் கூடாது. அது சரியாக இருந்தால், போனில் அந்த நெட்வொர்க்கை 'மறந்துவிடு' என்று சொல்லி, புதிதாகச் சேருங்கள். பெயர் அதே, பாஸ்வேர்டு வேறு என்றால் போன் பழைய சாவியையே திருகிக்கொண்டிருக்கும்.

சில போன் மட்டும் அடம் பிடிக்கிறதா? ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பாதுகாப்பு முறையை கலப்படம் இல்லாமல் டபிள்யூ.பி.ஏ.2 மட்டும் என்று வைத்து, 'பி.எம்.எஃப்.' என்ற அம்சத்தை அணைத்துப் பாருங்கள். பழைய முறையும் புதிய முறையும் கலந்து இருக்கும்போது சில கருவிகளுக்கு இதில் ஒத்துப்போவதில்லை. பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து மட்டும் விடாதீர்கள். பூட்டு ஊர்க்காரர்கள் நாம், மானம் போய்விடும்!

5. ரூம் நம்பர் கிடைச்சுதா?

ஹாஸ்டலில் சேர்ந்ததும் வார்டன் ஒரு ரூம் நம்பர் தருவார் இல்லையா? அந்த மாதிரி, ஹாட்ஸ்பாட்டில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் பை ஒரு ஐ.பி. அட்ரஸ் தரும். நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகத் தனக்கு 10.42.0.1 என்று வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அதே வரிசையில் கொடுப்பார்.

ஒரு லேப்டாப்பைச் சேர்த்து அதன் அட்ரஸைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால், வார்டன் வரவேயில்லை, லேப்டாப் தனக்குத் தானே ஒரு நம்பர் எழுதி ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மூன்றாவது படிக்குத் திரும்பிப் போங்கள். 10.42 என்று ஆரம்பித்தால் ஹாட்ஸ்பாட் பக்கம் பிரச்னை இல்லை. பிரவுசரில் 10.42.0.1 என்று அடியுங்கள். உங்கள் பக்கம் திறந்தால், இன்டர்நெட் இல்லாத உங்கள் நூலகத்துக்கு வேலை முடிந்தது. போய்த் தூங்குங்கள்!

ரீஸ்டார்ட் செய்தால் ஹாட்ஸ்பாட் தானாக வரவில்லையா? கட்டளை வழியாக உருவாக்கிய ஹாட்ஸ்பாட்டுக்கு 'ஆட்டோ கனெக்ட்' அணைந்தே இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பைக்குள் ஹாஸ்டல் வை-ஃபையின் பாஸ்வேர்டு சேமித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எழுந்ததும் கடமையை மறந்து அந்தப் பக்கம் ஓடிவிடும்.

6. பாதை திறந்திருக்கா?

இன்டர்நெட்டையும் பகிர வேண்டும் என்றால் மட்டும் இந்தப் படி. பைக்கு இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது? ஈத்தர்நெட் கேபிளா, யு.எஸ்.பி. டாங்கிளா? முதலில் பையில் உட்கார்ந்தே 8.8.8.8 என்ற அட்ரஸுக்கு 'பிங்' அடியுங்கள். அங்கேயே வரவில்லை என்றால் ஹாட்ஸ்பாட் மேல் பழி போடாதீர்கள், லைனைப் பாருங்கள். பையில் வருகிறது, போனில் வரவில்லை என்றால், பை வழி விடவில்லை. ஹாஸ்டலுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே விலாசத்துக்கு வரும், வார்டன்தான் பிரித்துக் கொடுப்பார். அந்த வேலைக்கு 'நாட்' என்று பெயர். நெட்வொர்க் மேனேஜரில் 'ஷேர்டு' முறை என்று வைத்தால் அது தானாக நடக்கும்.

எண் போட்டால் போகிறது, பெயர் போட்டால் போகவில்லையா? ஊர் தெரியும், விலாசம் சொல்ல ஆளில்லை. அதாவது, டி.என்.எஸ். கோளாறு. கேபிள் வழியாக வரும் அட்ரஸும் ஹாட்ஸ்பாட் கொடுக்கும் அட்ரஸும் ஒரே வரிசையில் இருந்தாலும் பைக்குக் குழப்பம்தான். ஒரே தெருப் பெயரில் ரெண்டு தெரு இருந்தால் போஸ்ட்மேன் என்ன செய்வார்?

7. மணி என்னப்பா?

இது பலர் கண்ணில் படாத திருடன். பை 4 வரைக்கும் போர்டில் பேட்டரி கடிகாரம் கிடையாது. பை 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரி தனியாக வாங்கிப் போட வேண்டும். இன்டர்நெட் இருந்தால் பை மணி கேட்டுத் தெரிந்துகொள்ளும். இல்லாவிட்டால், கடைசியாக அணைந்த நேரத்திலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். மூன்று வாரம் மூட்டையில் கிடந்த பைக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதிதான்! தேதி ரொம்பத் தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் அந்த பையில் திறக்காது. மாணவர்களின் வருகைப் பதிவு, மார்க் எல்லாம் பைக்குள் சேமிக்கிறீர்கள் என்றால், ஒரு சின்ன ஆர்.டி.சி. மாட்யூல் வாங்கி மாட்டிவிடுங்கள்.

போன் செய்யும் சேட்டை

எல்லாம் சரி. பள்ளிக்கூடத்தில் பையனின் போன் கனெக்ட் ஆகிறது, பத்து விநாடியில் கழன்றுகொள்கிறது. பை மேல் தப்பில்லை. வை-ஃபையில் சேர்ந்ததும் போன் வெளியுலகத்துக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்பும். பதில் வரவில்லை என்றால் 'இதில் இன்டர்நெட் இல்லை' என்று முடிவுகட்டி, மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். உங்கள் நூலகத்தில் இன்டர்நெட் இல்லாததுதானே விசேஷமே! போன் கேட்கும்போது 'இருந்தாலும் இதிலேயே இரு' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அல்லது மொபைல் டேட்டாவை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் சேரலாம்? இது கல்யாண மண்டபம் இல்லை. பையின் உள் வை-ஃபை சிப் சின்னக் கூட்டத்துக்குத்தான். ஒரு பெஞ்சு, ரெண்டு பெஞ்சு ஓ.கே. 60 பேர் உள்ள வகுப்பு என்றால், ஒரு சாதாரண ரவுட்டரை ஈத்தர்நெட் கேபிளில் பையோடு இணைத்து, வை-ஃபை வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள். பை புத்தகத்தை மட்டும் பரிமாறட்டும்.

பெட்டிச் செய்தி: பை வந்த பாதை

கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கையும், முன்கூட்டியே புரோகிராம் எழுதிப் பழகியவர்களும் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக் கவலைப்பட்டார் எபன் அப்டன். பையன்கள் உடைத்துப் பார்த்துப் பழக மலிவான கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவரும் நண்பர்களும் கிளம்பினார்கள். 2012 பிப்ரவரி 29-ல் முதல் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அதில் வை-ஃபை கிடையாது. 2016-ல் வந்த பை 3-ல்தான் முதன்முறையாக வை-ஃபை போர்டிலேயே வந்தது. அடுத்த வருஷம் பை ஜீரோ டபிள்யூ, 10 டாலருக்கு!

கடைசியாக ஒரு தாள்

தேனிக்குத் திரும்புவோம். நல்ல கரண்ட், தூரத்திலிருந்து கண்காணிக்க வழி, விழுந்தால் தானே எழுந்துகொள்ளும் ஏற்பாடு என்று அந்தக் குழு பல விஷயம் செய்தது. ஆனால் நெட்வொர்க் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் உள்ளூர் ஆளுக்கே பழுது பார்க்கத் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஆள் வர முடியுமா?

உங்கள் பெட்டிக்கும் அதேதான். ரிவ்யூ முடிந்ததும் மார்க்கு வாங்கிக்கொண்டு நீங்கள் கேம்பஸ் இன்டர்வியூ, சென்னை, பெங்களூரு என்று போய்விடுவீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெட்டி மட்டும் இருக்கும். ஒரு நாள் அது மக்கர் பண்ணும். டீச்சர் நாலு தடவை ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பார். அப்புறம் பீரோ மேலே தூக்கி வைத்துவிடுவார். அதோடு அதன் ஆயுசு முடிந்தது.

அப்படி ஆகாமல் இருக்க ஒரு தாள் போதும். ஏ4 தாளில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'சிவப்பு விளக்கு எரிகிறதா? இந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். வை-ஃபை பெயர் இது. பாஸ்வேர்டு இது. பிரவுசரில் இந்த எண்ணை அடியுங்கள். வரவில்லையென்றால் அணைத்து, ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கள்.' அதைப் பெட்டி மேலேயே ஒட்டுங்கள். கூடவே எல்லாம் சரியாக ஓடும் மெமரி கார்டின் நகல் ஒன்றை கவரில் போட்டு, டீச்சர் கையில் கொடுத்துவிடுங்கள். எப்படி மாற்றுவது என்று எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தியை அழைத்து, ரெண்டு தடவை அவளையே செய்ய வையுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அதுதான் கஷ்டம்!

சரி, மணி பன்னிரண்டரை. ரூம் மேட் குறட்டை விடுகிறான். நீங்கள் பழைய டி.என்.எஸ்.-மாஸ்க்கை அணைத்து, ரீஸ்டார்ட் போட்டுக் காத்திருக்கிறீர்கள். போனில் பெயர் வந்துவிட்டது. தொட்டாச்சு. சுற்றுகிறது... நின்றுவிட்டது. 'இணைக்கப்பட்டது!'

உடனே படுத்துவிடாதீங்க. ஒரு நோட்டை எடுத்து ரெண்டு வரி எழுதுங்கள். என்ன பழுது, எதனால், எப்படிச் சரியானது, தேதி. ரிவ்யூவில் ஏதாவது ஒரு சார் கட்டாயம் கேட்பார், "இது ஓடாம போனா என்னப்பா பண்ணுவ?" என்று.

அந்தக் கேள்விக்கு ஹாலிலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.